இறுகிப்போன போல் ஜாயின்ட்: ஆப்பா, புல்லரா?

திருகோணமலையில் கடலோரமாக ஓடிய பழைய கார் என்றால் உப்புக் காற்றில் போல் ஜாயின்டின் (சஸ்பென்ஷன் கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) கூம்புத் தண்டு நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) துருவேறி ஒட்டியிருக்கும், நட்டைக் கழற்றினாலும் அசையாது. பலரும் முதலில் தேடுவது கவட்டை மாதிரிப் பிளந்த இரும்பு ஆப்பைத்தான். விலை குறைவு, இடையில் வைத்து நாலு அடி அடித்தால் அநேகமாகக் கழன்றுவிடும், ஆனால் ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்துவிடும். ஜாயின்டை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் அது பரவாயில்லை.

அதே ஜாயின்டைத் திரும்பப் போடுவதாக இருந்தால் என் ஓட்டு, திருகை முறுக்கித் தண்டைத் தள்ளிக் கழற்றும் திருகு புல்லருக்குத்தான். காசு கூட, சில கார்களில் நுழைய இடமும் இருக்காது. நன்றாக முறுக்கி இழுவையில் வைத்துவிட்டு, தண்டு நுழையும் நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டினால் 'டங்' என்று விடும். தண்டின் திருகுப் புரியில் மட்டும் அடிக்காதீர்கள்.

எதை எடுத்தாலும் சரி, காரை ஜக்கில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், நட்டை முழுதாகக் கழற்றாமல் சில சுற்று விட்டு வையுங்கள். ஸ்பிரிங் விசையில் சஸ்பென்ஷன் கை திடீரென்று தெறிக்காமல் அது பிடித்துக்கொள்ளும்.