மான் குறைந்த வேட்டை நிலம்: துப்பாக்கியை அடக்குவதா, கயோட்டியைப் பிடிப்பதா, காட்டை எரிப்பதா?

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வேட்டை நிலம் வைத்திருப்பவர்களும், நிலத்தை லீஸுக்கு எடுத்து நடத்தும் கிளப்புகளும் பல ஆண்டுகளாகச் சொல்லும் குறை ஒன்றுதான்: முன்பு போல மான் இல்லை. தெற்குக் கரோலினாவின் கணக்கே இதற்குச் சாட்சி. 2002ல் அந்த மாநிலத்தில் ஒரே பருவத்தில் ஏறக்குறைய 3 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளைவால் மான்கள் சுடப்பட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது 2 லட்சத்துச் சொச்சமாக இறங்கியது. வேட்டைக்காரர்களின் ஆர்வம் குறையவில்லை, மான்தான் குறைந்தது.

காரணம் மூன்று, மூன்றும் ஒரே காலத்தில் சேர்ந்தன. 1990களில் மான் மிதமிஞ்சிப் போனதால் பெண்மான் சுடுவதற்கான வரம்புகளைத் தளர்த்தினார்கள். மான் குறைந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1970, 80களில் வெட்டி மறுநடவு செய்த பைன் காடுகள் வளர்ந்து தலைகூடி, தரையில் வெயில் விழாமல் செய்தன. மூன்றாவது, மேற்கிலிருந்து பரவி வந்த கயோட்டி. நம் குள்ளநரிக்கு உறவான விலங்கு, அதைவிடப் பெரியது, மான்குட்டியைத் தேடித் தின்னப் பழகியது.

காரணம் மூன்றாக இருப்பதால் தீர்வும் மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி இருக்கிறது. இவை தவிர சோளம் கொட்டுவது, வெளியிலிருந்து மான் கொண்டுவந்து விடுவது என்று பணம் போகும் வழிகள் இரண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் நிலத்தில் எந்த எண் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை அளக்காமல் செலவு செய்பவர்கள்தான் ஐந்தாண்டு கழித்தும் அதே இடத்தில் நிற்கிறார்கள்.

முதலில் அளவு

100 ஏக்கருக்கு ஒரு தானியங்கிக் கேமரா. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் வையுங்கள். அப்போது ஆண்மான்களின் கொம்பு முற்றியிருக்கும், குட்டிகள் தாயோடு நடமாடத் தொடங்கியிருக்கும். மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் ஒரு வாரம் சோளம் போட்டுப் பழக்கிவிட்டு, 10 முதல் 14 நாள் படம் எடுங்கள். ஒரே பெண்மான் நாற்பது படத்தில் வரலாம். அதன் குட்டியும் அப்படியே வரும் என்பதால், குட்டிப் படங்களைப் பெண்மான் படங்களால் வகுத்தால் விகிதம் ஓரளவு சரியாகவே கிடைக்கும். ஒரு பெண்மானுக்கு அரைக் குட்டிக்கும் கீழே இருந்தால், பிறந்தவை கோடையிலேயே சாகின்றன என்று பொருள். குட்டிகள் இன்னும் பதுங்கிக் கிடக்கும் ஜூலையில் எண்ணினால் இந்த விகிதம் பொய் சொல்லும்.

இரண்டாவது சோதனைக்குச் செலவே இல்லை. வேட்டையில் விழுந்த ஒவ்வொரு பெண்மானின் மடியையும் அழுத்திப் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் பால் வந்தால், அல்லது பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தால், அண்மைவரை அதன் குட்டி உயிரோடு இருந்திருக்கிறது. மடி வற்றித் தட்டையாக இருந்தால் குட்டி முன்பே போய்விட்டது. இதில் ஒன்றரை வயது மானைச் சேர்க்கக் கூடாது, அது பெரும்பாலும் ஈன்றே இருக்காது. வயது தெரியக் கீழ்த்தாடையைத் திறந்து மூன்றாவது கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். மூன்று முகடுள்ள தேய்ந்த பால்பல் இருந்தால் ஒன்றரை வயது. அது விழுந்து இரண்டு முகடுள்ள பல் வந்திருந்தால் அதற்கு மேல். தாடை எலும்பு, உடல் எடை, மடி நிலை மூன்றையும் ஒவ்வோர் ஆண்டும் குறித்து வையுங்கள்.

ஒரு கணக்கு

100 பெண்மான்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி 1.6 குட்டி வீதம் 160 பிறக்கின்றன. கயோட்டி மிகுந்த நிலத்தில் 23 சதவீதம்தான் இலையுதிர் காலம்வரை பிழைக்கிறது என்றால் 37 குட்டி. பாதி பெண் என்றால் 18, குளிர்காலம் தாண்டி 16. வேட்டை இல்லாமலே தாய்மான்களில் 10 சாகும். ஆக, 90 கூட்டல் 16, மொத்தம் 106.

அந்த ஆண்டில் நீங்கள் எடுத்துக்கொள்ள இடம் இருப்பது வெறும் ஆறு பெண்மான். கிளப்பில் இருபது சுட்டால் 86க்கு வருகிறீர்கள். இதே விகிதத்தில் மூன்று ஆண்டு போனால் 64. ஒன்றுகூடச் சுடாவிட்டால் ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி, ஐந்தாண்டில் 134. குட்டி பிழைப்பு 35 சதவீதமானால் அதே 100 அடுத்த ஆண்டு 115 ஆகிறது. சுடாமல் விட்டால் ஐந்தாண்டில் இரட்டிப்பு.

வேட்டையை நிறுத்துவது சரிவை உடனே தடுக்கிறது. ஏற்றத்தைத் தருவது குட்டிகளின் பிழைப்பு. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று பேசுவதில்தான் பெரும்பாலான வாதங்கள் வழி தவறுகின்றன.

பெண்மான் சுடுவதை நிறுத்துதல்

செலவில்லாதது, பலன் உறுதியானது, இன்றே செய்யக்கூடியது. வேறு எதைச் செய்தாலும் இதைச் செய்யாமல் செய்யாதீர்கள். கயோட்டியால் வரும் இழப்பைப் பெண்மான் வேட்டையைக் குறைத்தே பெரும்பாலும் ஈடுகட்ட முடியும் என்பதைக் கணக்கீட்டு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

மீட்சி ஏன் மெதுவாக வருகிறது என்பதற்கு ஒரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்மான் ஒன்று, ஒன்றரை வயதில் பிறந்த இடத்தை விட்டு மைல் கணக்கில் போகும். பெண்மான் போகாது. மகள் தாயின் எல்லையை ஒட்டியே தன் எல்லையை அமைக்கும், பேத்தி அதை ஒட்டி. ஓர் ஓடைக்கரையில் இருக்கும் பாட்டி, மகள், பேத்தி எல்லாவற்றையும் இரண்டு பருவத்தில் சுட்டுவிட்டால், பக்கத்து நிலத்தில் மான் நிறைந்திருந்தாலும் அந்தக் கரை பல ஆண்டு வெறுமையாகவே கிடக்கும். அதனால் மொத்த எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது போதாது. ஒரே வேட்டை மேடையிலிருந்து, மானுக்காகப் பயிரிட்ட ஒரே தீவன வயலில் எத்தனை விழுகின்றன என்பதற்கும் வரம்பு வையுங்கள்.

இதில் நடக்கும் தவறு ஒன்று, கொம்பு முளைக்காத ஆண்குட்டியைப் பெண்மான் என்று நினைத்துச் சுடுவது. மாலையில் வயலுக்குத் தனியாக, முதலில் துணிந்து வரும் சிறிய மான் பெரும்பாலும் ஆண்குட்டிதான். தலை உச்சி தட்டையாக, முகம் குட்டையாக, உடல் சதுரமாக இருக்கும். வளர்ந்த பெண்மானுக்கு உச்சி வளைந்து, மூக்கு நீண்டிருக்கும். ஒப்பிட இன்னொரு மான் பக்கத்தில் வரும்வரை விசையைத் தொடாதீர்கள்.

இந்த வழியின் எல்லை நிலத்தின் பரப்பு. ஒரு மானின் ஆண்டு நடமாட்டம் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் அளவுக்குப் போகலாம். 300 ஏக்கர் கிளப் தன் துப்பாக்கியை அடக்கி, சுற்றியுள்ள நால்வர் சுட்டுக்கொண்டே இருந்தால் பலன் வேலியோடு நின்றுவிடும். அண்டை நிலத்தாரோடு எழுதி ஒப்புக்கொண்டு கூட்டுறவாகச் செய்வதே இதற்கு மருந்து.

கயோட்டியைப் பிடித்தல்

இதற்குக் கிடைக்கும் கைதட்டலுக்கும் பலனுக்கும் இடைவெளி பெரிது. தெற்குக் கரோலினாவில் ஐக்கன் அருகே சவன்னா ரிவர் சைட் என்னும் 310 சதுர மைல் அணுசக்தி வளாகம் இருக்கிறது. அங்கே குட்டிகளுக்கு ரேடியோ பட்டை மாட்டித் தொடர்ந்தபோது 16 வாரம் பிழைத்தவை சுமார் 23 சதவீதம். இறந்தவற்றில் பெரும்பகுதி கயோட்டிக்கு இரை. பிறகு, ஒவ்வொன்றும் சுமார் 8,000 ஏக்கர் கொண்ட மூன்று பகுதிகளில் 2010 முதல் 2012 வரை தொழில்முறை ஆட்களை வைத்து 474 கயோட்டிகளை அகற்றினார்கள். குட்டி பிழைப்பு முதல் ஆண்டு சுமார் 51 சதவீதத்துக்கு ஏறியது, அடுத்த ஆண்டு 20க்கு விழுந்தது, மூன்றாம் ஆண்டு 43க்கு எழுந்தது. அத்தனை உழைப்புக்கும் ஓர் ஆண்டு பலன் பூஜ்ஜியம். காலியான இடத்தை இளம் கயோட்டிகள் சில மாதங்களில் நிரப்பிவிட்டன.

இதிலிருந்து கிளப் எடுத்துக்கொள்ள வேண்டியது காலக் கணக்கு. மேடையில் உட்கார்ந்து அக்டோபரில் கண்ணில் பட்ட கயோட்டியைச் சுடுவதால் மே மாதக் குட்டிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. குட்டி பிறப்பதற்கு முந்தைய ஆறு முதல் எட்டு வாரம், பெரும்பாலும் மார்ச், ஏப்ரல்தான் பிடிக்கும் காலம். ஒவ்வோர் ஆண்டும் திரும்பச் செய்ய வேண்டும், பெரிய பரப்பில் செய்ய வேண்டும். பருவமும் பொறியின் அளவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அனுமதியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கால்பொறியில் பிசகுவது பெரும்பாலும் அடித்தளத்தில். மண்ணில் தோண்டிப் பதித்த பொறி கொஞ்சம் ஆடினாலும், விளிம்பில் கால் வைத்த கயோட்டி அதை உணர்ந்துவிடும். பிறகு பக்கத்திலிருந்து தோண்டி வெளியே இழுத்துப் போடும், அந்த நிலத்தில் அது இனி எளிதில் சிக்காது. பொறியின் நான்கு மூலையையும் அழுத்தி ஆடுகிறதா என்று பார்த்து, இடைவெளியில் மண்ணைக் கெட்டித்து, மேலே கால் அங்குலம் சலித்த உலர்மண் தூவுங்கள். தெற்கின் களிமண் மழைக்குப் பின் இறுகி விசையைத் தடுக்கும், மெழுகு கலந்த மண் அதற்குத்தான். சங்கிலியில் சுழலி இல்லையென்றால் முறுக்கிக்கொண்டு காலைக் காயப்படுத்தும். தினமும் காலையில் எல்லாப் பொறியையும் பார்க்க முடியாதவர் இதைத் தொடவே கூடாது.

வெளிச்சமும் நெருப்பும்

கிளப்புகள் குறைவாகச் செய்வதும், நீண்டகாலப் பலன் மிகுந்ததும் இதுதான். தலைகூடிய காட்டின் தரையில் மான் தின்னக்கூடிய இலைதழை ஏக்கருக்கு 100 பவுண்டுகூடத் தேறாது. அதே காட்டில் சில மரங்களை வெட்டி இடைவெளி விட்டுக் களைந்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தரையை எரித்தால் பல நூறு பவுண்டு வரும். தீவனம் எதையும் வாங்கிப் போட வேண்டியதில்லை. பிளாக்பெர்ரி, கிரீன்பிரையர், காட்டுப் பயறுகள், போக்வீட், ராக்வீட் எல்லாம் மண்ணில் உறங்கும் விதையிலிருந்தே எழும். பாலூட்டும் மானுக்குத் தீவனத்தில் 14 முதல் 16 சதவீதம் புரதம் வேண்டும், இவற்றின் இளந்தளிர் அதைத் தாண்டும்.

லோப்லாலி பைன் தோப்பானால், மரங்களின் அடிப்பரப்பு, அதாவது மார்பளவு உயரத்தில் எல்லா மரத்தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பின் கூட்டுத்தொகை, ஏக்கருக்கு 50, 60 சதுர அடி ஆகும்வரை களையுங்கள். மர வியாபாரிகள் வழக்கமாக 70, 80ல் நிறுத்துவார்கள், அது மரத்துக்கு நல்லது, மானுக்கு நான்கைந்து ஆண்டில் மறுபடி இருட்டு. மரம் விற்ற பணமே மற்ற வேலைக்குச் செலவாகும் என்பதால், ஐந்து வழிகளில் வருமானம் தருவது இது ஒன்றே.

எரிப்பதில் முக்கியம் துண்டுதுண்டாகப் பிரிப்பது. 20 முதல் 50 ஏக்கர் துண்டுகளாக்கி, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டும். மொத்தத்தையும் ஒரே பிப்ரவரியில் எரித்தால் மே மாதத்தில் குட்டி பதுங்க இடமே இருக்காது. முந்தைய ஆண்டு எரிந்த துண்டில் தீவனம், அதற்கு முந்தைய ஆண்டு எரிந்ததில் இடுப்பளவு மறைவு, இரண்டும் பக்கம்பக்கமாக இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தை எரித்தால் புல் மிஞ்சும், ஐந்தாண்டு விட்டால் ஸ்வீட்கம் மரக்கன்றுகள் நெருப்புக்கு அடங்காத பருமன் ஆகிவிடும்.

எரிக்கும் நாளுக்கு வேண்டியவை: காற்றில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம், திசை மாறாத மிதமான காற்று, வெறும் மண் தெரிய உழுத தீத்தடுப்புக் கோடு, வனத்துறைக்கு முன்னறிவிப்பு, சான்று பெற்ற ஆள் ஒருவர். காற்று அடங்கிய நாள் பாதுகாப்பானது என்று நினைப்பது ஆபத்து. புகை நகராமல் தேங்கி இரவில் நெடுஞ்சாலையில் படியும், வெப்பம் மேலெழுந்து மர உச்சியைக் கருக்கும்.

மறைவு கூடினால் கயோட்டிக்கு இரை அகப்படுவது குறையுமா என்பதில் ஆய்வுகள் எல்லா இடத்திலும் ஒரே விடை தரவில்லை. தாயின் உடல்நிலையும் பாலும் தேறுவதில் ஐயமே இல்லை.

சோளமும் இறக்குமதி மானும்

சோளத்தில் புரதம் 8, 9 சதவீதம். அது மானைக் கேமரா முன் நிறுத்தும், கூட்டத்தைப் பெருக்காது. ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு உரசித் தின்பதால் நோய் பரவும், ஈரம் பட்ட சோளத்தில் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு சேரும். மேற்கே கொலராடோவின் அன்கம்பாக்ரி பீடபூமியில் பெரிய காதுடைய மியூல் மான்களுக்குக் குளிர்காலத்தில் சத்துத் தீவனம் கொடுத்த ஆய்வில் கூட்டம் வளர்ந்தது உண்மைதான். அங்கே குறை தீவனத்தில் இருந்தது, கொடுத்ததும் வெறும் சோளம் அல்ல. அதே மேற்கில், ஐடஹோவில் 1997 முதல் 2003 வரை கயோட்டியை அகற்றிப் பார்த்ததில் மியூல் மான் கூட்டம் குறிப்பிடும்படி வளரவில்லை. யூட்டா 2012ல் இருந்து கயோட்டிக்கு 50 டாலர் பரிசு தருகிறது என்பதை வைத்து உங்கள் கிளப்பும் தொடங்க வேண்டாம்.

மானை வாங்கி விடுவது 1950களில் சரி. தெற்கில் பல மாவட்டங்களில் அப்போது மானே இல்லை, கரையோரச் சமவெளியிலிருந்து பிடித்து உள்நாட்டில் விட்டுத்தான் கூட்டம் மீண்டது. இன்று பிரச்சினை விதை மான் இல்லாதது அல்ல. பண்ணை மானோடு மான் தேய்வு நோய் வரலாம். அதற்கு மருந்தில்லை, அதைப் பரப்பும் உருக்குலைந்த புரதம் மண்ணில் பல ஆண்டு தங்கும். பல மாநிலங்களில் இப்படி விடுவது குற்றமும்கூட.

யாருக்கு எது

500 ஏக்கருக்குக் கீழே: பெண்மான் வேட்டை நிறுத்தம், அண்டை நிலத்தார் ஒப்பந்தம், முடிந்த அளவு களைதல். கயோட்டிக்குப் பணம் வேண்டாம். 500 முதல் 5,000 ஏக்கர்: இவற்றோடு எரிப்புச் சுழற்சி. அதற்கு மேல், அல்லது பல நிலங்கள் சேர்ந்த கூட்டுறவு: குட்டி விகிதம் அரைக்குக் கீழே இரண்டு ஆண்டு நின்றால் மட்டும் வசந்தகாலப் பொறி, அதையும் குட்டி விகிதம் ஏறுகிறதா என்று அளந்துகொண்டே.

கோடை இறுதியில் தண்ணீரோரம் மான் செத்துக் கிடந்தாலோ, இலையுதிர் காலத்தில் சுட்ட மானின் குளம்பு உரிந்திருந்தாலோ, அது கடிப்பூச்சி பரப்பும் இரத்தக்கசிவு நோயின் அடையாளம். அந்த ஆண்டு கணக்கைத் திரும்பப் போட்டு, பெண்மான் வேட்டையை மூடிவிடுங்கள்.

திறப்பது எப்போது என்பதற்கும் ஒரு கோடு முன்னமே வரைந்து வையுங்கள். குட்டி விகிதம் தொடர்ந்து இரண்டு செப்டம்பரில் 0.8ஐத் தாண்டி, தீவன வயலில் மான் மேய முடியாதபடி வைத்த மூன்றடிக் கம்பிக் கூண்டுக்கு உள்ளும் வெளியும் செடியின் உயரம் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபடத் தொடங்கினால், 200 ஏக்கருக்கு ஒரு பெண்மான் என்று தொடங்கலாம்.