காற்றுக் கைத்துப்பாக்கி ஏலம்: பினாங்கிலிருந்து ஒரு மதிப்பீடு

காற்றின் அழுத்தத்தால் சிறு ரவையைச் சுடும் பழைய காற்றுக் கைத்துப்பாக்கிகளையும் அவற்றைச் சார்ந்த பொருள்களையும் விற்கும் இங்கிலாந்து ஏல நிறுவனம் ஒன்றில், பினாங்கிலிருந்தபடியே இணையம் வழியாக ஏலம் கேட்டு வருகிறேன். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கருதுவதால், உரிய அனுமதியில்லாமல் அதை வரவழைக்க முடியாது. ஆகவே நான் கேட்பவை பழைய அட்டைப் பெட்டிகள், காலி ரவை டப்பாக்கள், விளக்கத் தாள்கள் மட்டுமே. சேகரிப்பவர்களிடையே இவற்றுக்கும் நல்ல மதிப்பு உண்டு. சொந்தப் பெட்டியோடு வரும் துப்பாக்கி பொதுவாகக் கூடுதல் விலைக்குப் போகும்.

இந்நிறுவனத்தின் பெரும்பலம் அதன் விவரப் பட்டியல். பர்மிங்காமின் வெப்லி அண்ட் ஸ்காட் 1924இல் வெளியிட்ட மார்க் 1 கைத்துப்பாக்கியில், குழல் காற்று உருளையின் மேலேயே படிந்திருக்கும். குழலின் பின்முனையை விடுவித்து முன்பக்கமாகத் தூக்கிச் சாய்த்தால் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகும். அந்த வகைத் துப்பாக்கி ஒன்று விற்பனைக்கு வந்தபோது, பொறித்த எழுத்துகளின் விளிம்பையும் கைப்பிடித் தகட்டின் மயிரிழை விரிசலையும் தனித்தனியே நெருங்கிப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். எழுத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால், பிற்காலத்தில் யாரோ தேய்த்து மறுமெருகு ஏற்றியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். இந்த ஒரு படத்துக்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

பொருளின் வரலாற்றுக்கான சான்றுகளையும் முறையாகக் குறிப்பிடுகிறார்கள். அது சிறிய விஷயமன்று: ஜேம்ஸ் பாண்டாக ஷான் கானரி விளம்பரப் படங்களுக்குக் கையில் ஏந்திய வால்தர் எல்பி 53 என்ற காற்றுக் கைத்துப்பாக்கி, 2010இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 277,250 பவுண்டுக்கு விற்றது, அது எவர் கையில் இருந்தது என்பதனால்தான்.

நேரமும் நமக்கு வசதியானதே. கோடையில் அங்கே காலை 10 மணி என்றால் இங்கே மாலை 5 மணி. ஆனால் ஏலம் முடிந்த விலையோடு வாங்குபவர் கட்டணம், வரி, அஞ்சல் செலவு எல்லாம் சேரும்போது மலிவான டப்பாவும் ரிங்கிட்டில் கனத்துவிடும்.

குறை, பொருளைக் கட்டி அனுப்பும் விதத்தில் இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் விளக்கத் தாள் கிழியாமல் ஒட்டியிருந்த வெப்லி பெட்டியொன்றை மெல்லிய உறைக்குள் திணித்து அனுப்பியதில், அதன் ஒரு மூலை நசுங்கியே வந்தது. முறையிட்டதும் மறுப்பின்றி ஒரு பகுதித் தொகையைத் திருப்பித் தந்தார்கள். ஆயினும் பழைய அட்டையை மீண்டும் நிமிர்த்த முடியாது. பட்டியலுக்கு ஐந்துக்கு ஐந்து, அஞ்சலுக்கு இரண்டு. ஏலம் கேட்குமுன் கெட்டியான அட்டைப்பெட்டியில் அனுப்புவார்களா என்று எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக் கொள்ளுங்கள்.