செடிமுருங்கையா, மரமுருங்கையா?

கொல்லையில் ஒரு முருங்கை வைக்கலாம் என்று பேச்செடுத்தால் போதும், யோசனை இரண்டு பக்கமிருந்து வரும். நர்சரிக்காரர் பி.கே.எம்.-1 கன்றை நீட்டுவார். பக்கத்து வீட்டம்மாவோ, "அதுக்கு எதுக்குக் காசு, எங்க மரத்துல ஒரு போத்து வெட்டிட்டுப் போங்க" என்பார். முதலாவது விதையில் வரும் செடிமுருங்கை, இரண்டாவது போத்தை, அதாவது வெட்டிய கிளைத்துண்டை, ஊன்றி வளர்க்கும் மரமுருங்கை. தண்ணீர் தேங்காத சொந்த மண் இருந்தால் என் ஓட்டு பக்கத்து வீட்டம்மாவுக்குத்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது.

பி.கே.எம்.-1, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட ரகம். ஊர்ப் பெயரின் சுருக்கம்தான் அந்த மூன்று எழுத்து. இதன் பலம் வேகம். விதை போட்ட ஐந்தரை, ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். காய் 65, 70 சென்டிமீட்டர் நீளம் வரும், சதைப்பற்றும் உண்டு. நன்றாகப் பராமரித்த வயலில் ஒரு மரம் வருடத்துக்கு 200 காய்க்கு மேல் தரும். நிழலும் சுவரும் உள்ள வீட்டுத் தோட்டத்தில் அதில் பாதி கிடைத்தாலே குழம்புக்கும் பொரியலுக்கும் போக மிஞ்சும்.

மரமுருங்கை நிதானமான ஆள். போத்து வேர் பிடித்து எட்டு ஒன்பது மாதத்தில் பூ, காய் என்று கொஞ்சம் காட்டும். இரண்டாம் வருடம் 80, 90 காய். நாலைந்து வருடம் போனால் 500-ஐத் தாண்டுவதும் உண்டு. செடிமுருங்கையோ மூன்று நான்கு வருடத்தில் ஓய்ந்துவிடும், மறுபடி விதையிலிருந்து தொடங்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், பி.கே.எம்.-1 வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்துக் காய்க்கப்போவதை வீட்டுக்காரர் பறித்துக்கொள்வார்.

ருசியில்தான் சண்டையே. மரமுருங்கை என்பது ஒரே ரகம் அல்ல. யாழ்ப்பாணம், சாவகச்சேரி, மூலனூர் என்று ஊருக்கு ஊர் பெயர் உண்டு. கொடிக்கால் முருங்கை என்று குட்டைக் காய் காய்ப்பதும் உண்டு. போத்தில் வளர்வது தாய்மரத்தின் அச்சு. அந்த வீட்டுச் சாம்பாரில் காயைத் தின்று பார்த்துவிட்டே போத்து கேட்கலாம், நீங்கள் தின்ற அதே காய்தான் உங்கள் மரத்திலும் தொங்கும். விதையில் இந்த உத்தரவாதம் கிடையாது. முருங்கைப் பூவில் அயல் மகரந்தச் சேர்க்கை அதிகம். பி.கே.எம். மரத்தில் நீங்களே எடுத்துப் போட்ட விதை அக்கம்பக்கத்து மரங்களோடு கலந்து, குட்டையாகவோ கசப்பாகவோ காய்க்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் நம்பகமான இடத்தில் விதை வாங்குவதே நல்லது.

காற்று என்று வந்தால் கணக்கு மாறும். விதையில் முளைத்தது ஆணிவேர் விட்டு நிற்கும். போத்தில் வந்ததற்கு அந்த வேர் இல்லை, பக்கவேர்கள்தான். ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊறிக் கிடக்கும்போது புயல் அடித்தால் அடியோடு சாயும். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று சும்மாவா கேட்டார்கள்? கட்டை அவ்வளவு மெத்து. கடலோர ஊர்க்காரர்கள் மரமுருங்கையைக் கூரைக்கும் மின்கம்பிக்கும் எட்ட வையுங்கள்.

இரண்டுக்கும் கத்தி வேண்டும். முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொன்ன பழமொழியில் பாதி சரி (பிள்ளையைப் பற்றிய மீதிப் பாதியை விட்டுவிடலாம்). செடிமுருங்கை முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் வெட்டி, தொழு உரம் போட்டுத் தண்ணீர் விட்டால் நாலைந்து மாதத்தில் மறுபடி காய். மரமுருங்கையை வெட்டாமல் விட்டால் காய் மாடிக்கு மேலே தொங்கும், தொரட்டியோடு அலைய வேண்டியதுதான். கோடைக் காய்ப்பு முடிந்ததும் கவாத்து செய்யுங்கள். அப்போது விழும் கிளைகளில் முன்கை பருமனில், ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தேர்ந்தெடுத்தால் அவைதான் போத்து. மேல் வெட்டில் பசுஞ்சாணியை அப்பி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஊன்றவும். துளிர் வரும்வரை ஈரம் போதும், சேறு கூடாது.

கம்பளிப்பூச்சி இரண்டையும் விடாது. மழைக்காலத்தில் அடிமரத்தில் கும்பலாக அப்பிக் கிடக்கும், மேலே பட்டால் அரிப்பு. செடிமுருங்கை கைக்கெட்டும் உயரத்தில் நிற்பதால் சீக்கிரம் கண்ணில் படும். குழந்தைகள் விளையாடும் வாசலில் இது சின்ன விஷயம் இல்லை.

மாடித்தோட்டமா? போத்தை மறந்துவிடுங்கள். பாதியாக அறுத்த பெரிய டிரம்மில் பி.கே.எம்.-1 போட்டு, காயை எதிர்பார்க்காமல் கீரைக்காக வளர்க்கலாம். இடுப்பு உயரத்தில் அடிக்கடி ஒடித்துக்கொண்டே இருந்தால் வாரம் ஒரு பொரியலுக்குத் தழை வரும். பி.கே.எம்.-2 என்று கேட்டால் ஒரு மீட்டரைத் தாண்டும் காய் வரும், ஆனால் தண்ணீரும் அதிகம் குடிக்கும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அது வேண்டாம்.