ராத்திரிச் சாப்பாடு: 7 மணியா, 9.30 மணியா?

மதுரையில் இருந்துகொண்டு 7 மணிக்கே ராத்திரிச் சாப்பாட்டை முடிக்கிறேன் என்றால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். இந்த ஊரில் புரோட்டாக் கல் சூடேறுவதே அப்போதுதான். நானும் பல வருடம் 9.30 மணிக்காரன்தான். போன வருடம் எடை 86 கிலோவைத் தொட்டதும் டாக்டர், "ராத்திரிச் சாப்பாட்டைப் பாத்துக்கோங்க" என்றார். அளவைக் குறைக்க வேண்டுமா, நேரத்தை மாற்ற வேண்டுமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் இரண்டையும் செய்து பார்த்தேன். முதல் மூன்று மாதம் வழக்கம்போல 9.30, ஆனால் அளவாக. அடுத்த நான்கு மாதம் 7 மணி. இப்போதும் 7 மணிதான்.

தேவைக்கு மேல் சாப்பிட்டால் எந்த நேரத்தில் சாப்பிட்டாலும் எடை ஏறும். அதில் பேச்சே இல்லை. ராத்திரி சாப்பிடுவதெல்லாம் அப்படியே கொழுப்பாகப் படிந்துவிடும் என்பதும் சரியில்லை. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் 30 பேருக்கு நான்கு வாரம் காலையில் அதிகமாகவும், இன்னொரு நான்கு வாரம் மாலையில் அதிகமாகவும் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளிவந்த ஆய்வு அது. மொத்தக் கலோரி ஒன்றாக இருந்ததால் எடை குறைந்ததிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் காலையில் நன்றாகச் சாப்பிட்டபோது பசி குறைவாக இருந்தது. அதே வருடம் பாஸ்டனில் 16 பேருக்கு அதே சாப்பாட்டை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். பசி கூடியது, போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறைந்தது, உடல் செலவழிக்கும் கலோரியும் குறைந்தது. 16 பேர் சின்னக் கூட்டம்தான். ஆனாலும் இரண்டு ஆய்விலும் பசி என்ற சொல்தான் என் கண்ணில் பட்டது. ஏனென்றால் நான் தோற்றதும் அங்கேதான்.

9.30 மணிக்கு நான் சாப்பிட்டதில் பெரிய தப்பு இல்லை. மூன்று இட்லி, சாம்பார், அவ்வளவுதான். மதியச் சாப்பாடு 1.30-க்கு. நடுவில் எட்டு மணி நேரம் கிடக்கிறதே, கோளாறு அதில்தான். 5.30-க்கு ஆபீஸ் வாசலில் டீ குடிக்கப் போனால் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி கூடவே வரும். பேப்பரில் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டால் கணக்கில் வராது என்று ஒரு நம்பிக்கை வேறு. அப்புறம் 8.45-க்கு வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்பில் பாத்திரம் ஏறுவதற்குள் கை மிக்சர் டப்பாவுக்குப் போய்விடும். நின்றுகொண்டே ஒரு கை. ஒருநாள் அந்த ஒரு கையைச் சமையலறைத் தராசில் கொட்டிப் பார்த்தேன். 35 கிராம். மிக்சர் 100 கிராமுக்குச் சுமாராக 500 கலோரி என்றால், அந்த ஒரு கையே 175. ஒரு கையோடு நிறுத்துகிற ஆளும் நான் இல்லை. மூன்று இட்லியை எண்ணி எண்ணித் தின்றவன், அதற்கு முன்னால் தின்றதை எண்ணவே இல்லை. மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கியதே அதிகம்.

7 மணிக்கு மாறியதும் பஜ்ஜி தானாக நின்றது. மன உறுதி ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் சாப்பாடு என்று தெரிந்தால் வெறும் டீ போதும் என்று வயிறே சொல்லிவிடுகிறது. ஆபீஸிலேயே சாப்பிடுவதால் இரண்டு சப்பாத்தி, பீன்ஸ் பொரியல், ஒரு கிண்ணம் சுண்டல் என்று காலையிலேயே டப்பாவில் கட்டியாகிவிடுகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றாலும் கிடைக்காது. வீட்டில் அப்படியா? தோசை கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். "இது சின்னதுதான்டா" என்று அம்மா போடுகிற கடைசித் தோசைக்குப் பிறகு இன்னும் இரண்டு கடைசித் தோசை உண்டு. இப்போது வீட்டுக்குள் வரும்போது வயிறு நிறைந்திருக்கிறது, டப்பா பக்கம் கை போவதில்லை. படுத்ததும் வந்த நெஞ்செரிச்சலும் குறைந்துவிட்டது. நான்கு மாதத்தில் ஐந்து கிலோ.

அந்த ஐந்து கிலோவையும் 7 மணிக் கணக்கில் எழுத முடியாது. இரண்டாவது மாதத்தில் காலை நடையும் ஆரம்பித்தேன், அதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது எப்படி ஒத்துவரும் என்பது என் அனுபவத்தில் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நேரத்தை மாற்றக் கூடாது. ராத்திரியில் சர்க்கரை இறங்கிவிட்டால் ஆபத்து.

7 மணியில் சிரமமும் உண்டு. முதல் இரண்டு வாரம் 10.30-க்குப் பசித்தது, ஒரு டம்ளர் நீர்மோரில் ஓட்டினேன். கல்யாண ரிசப்ஷன் என்றால் திட்டம் அன்றைக்குப் பணால். எல்லாவற்றையும் விட, வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது மகளுக்குப் பிடிக்கவில்லை. "அப்பா என்ன கெஸ்டா?" என்று கேட்டுவிட்டாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் 9.30. அன்றைக்குத் தோசையை எண்ணுவதில்லை. மிக்சர் டப்பாவை மட்டும் மேல் தட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.