டவர் சைட்டில் லித்தியம் பேட்டரி: மூன்று மழைக்காலம் பார்த்தபின்

வேதாரண்யம் பக்கம் ஒன்பது செல்போன் டவர்களுக்கு நான்தான் டெக்னீஷியன். அதில் ஒரு சைட்டில் 48 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, எவ்வளவு கரண்ட் சேமிக்கும் என்ற அளவு) லித்தியம் பேட்டரி மூன்று மாட்டி, மூன்று மழைக்காலம் ஓடிவிட்டது. நல்ல பேட்டரி. தைரியமாக மாட்டலாம்.

டவர் ஓடுவது 48 வோல்ட் டிசியில். ஈபி கரண்டை ரெக்டிஃபயர் மாற்றிக் கொடுக்கும். ஈபி போனால் பேட்டரி, அதுவும் இறங்கினால் டீசல் ஜெனரேட்டர். முன்பு இங்கே இருந்தது லெட் ஆசிட், 2 வோல்ட் செல் 24. அதில் ஒரு செல் படுத்தால் மொத்த பேட்டரி வரிசையும் படுத்துவிடும். ஒரு ராத்திரி வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஒவ்வொரு செல்லாக மீட்டர் வைத்தேன். எல்லாம் 1.9-க்கு மேல் காட்ட, பதினேழாவது மட்டும் 1.3. பக்கவாட்டில் வீங்கி, கை வைக்க முடியாத சூடு. அந்த வகை 25 டிகிரிக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம் ஊர் மே மாதத்தில் என்ன ஆகும்? பத்து மணி நேரம் தாங்க வேண்டியது இரண்டு மணி நேரத்தில் நின்றது.

லித்தியம், 30 ஆம்பியர் லோடில் 8 மணி 40 நிமிடம் நின்றது. ஐந்து மணி நேரம் ஈபி வந்தால் மறுபடி நிறைந்துவிடுகிறது. விலைதான் கூட.

மாட்ட வந்த கான்ட்ராக்டர் ரெக்டிஃபயரைப் பழைய பேட்டரியின் 56.4 வோல்ட்டிலேயே விட்டுப் போனார். இந்த லித்தியம் பெட்டியில் 15 செல். 55 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஒரு வாரம் அலாரம் அடித்து உயிரை எடுத்தது. மாட்டும் அன்றே இதைப் பாருங்கள். அப்புறம், வோல்டேஜை வைத்து மிச்சத்தைக் கணிக்காதீர்கள். கடைசி வரை அப்படியே நின்று சட்டென்று துண்டித்துவிடும். மிச்சமுள்ள சார்ஜின் சதவீதத்தைப் பாருங்கள்.

லித்தியம் வருவதற்கு முன், 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த அன்று, விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டி டீசல் கேனைத் தோளில் சுமந்து போனேன். போய்ச் சேருவதற்குள் டவர் நின்றுவிட்டது. 108-க்குக் கூப்பிட முடியாமல் ஒரு வீட்டார் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். வாரக்கணக்கில் ஈபி இல்லாத ஊருக்கு லித்தியமும் போதாது, ஜெனரேட்டர் வேண்டும். ஆனால் மரத்தை அறுத்து வழி உண்டாக்க அந்த எட்டு மணி நேரம் கிடைக்கும். அடுத்த ஐப்பசிக்குள் இன்னும் இரண்டு பெட்டி தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.