சர்வே, மேப்பிங், ஜிஐஎஸ்: எந்த அமைப்பில் சேர்ந்தால் எது கிடைக்கும்?

நில அளவை, வரைபடம், ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் வரைபடமாகக் கையாளும் முறை) என்று விரியும் இந்தத் துறையில் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. எஃப்ஐஜி, ஐஎஸ்பிஆர்எஸ், ஐசிஏ, ஆர்ஐசிஎஸ், ஜிஐஎஸ்பி, ஓஎஸ்ஜியோ என்று பெயர்களை அடுக்கிவிட்டு "எதில் சேரலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எழுத்து வேண்டுமா, படிக்க விஷயம் வேண்டுமா, ஆட்களின் பழக்கம் வேண்டுமா? மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்காது. அதிலும் இரண்டாவதற்குப் பெரும்பாலும் காசே கொடுக்க வேண்டியதில்லை, இது பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் பழைய பெரிய அமைப்புகள் மூன்று. 1878இல் பாரிஸில் தொடங்கிய எஃப்ஐஜி நில அளவையர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. 1910இல் வியன்னாவில் எடுவர்ட் டோலெசால் தொடங்கிவைத்த ஐஎஸ்பிஆர்எஸ், வான்படத்திலிருந்து அளவெடுக்கும் போட்டோகிராமெட்ரிக்காக உருவானது. 1980இல்தான் தொலையுணர்வும் (செயற்கைக்கோள், விமானம் மூலம் தொலைவிலிருந்து தகவல் எடுப்பது) அதன் பெயரில் சேர்ந்தது. 1959இல் பெர்ன் நகரில் பிறந்த ஐசிஏ வரைபடவியலுக்கானது. இவை அடிப்படையில் சங்கங்களின் சங்கங்கள். ஒரு நாட்டின் அமைப்பு உறுப்பினராக இருக்கும், நீங்கள் அந்த அமைப்பு வழியாக உள்ளே போவீர்கள். ஆகவே "நான் எஃப்ஐஜி உறுப்பினர்" என்று பயோடேட்டாவில் போடுவதற்குப் பெரிய அர்த்தமில்லை.

மூன்றில் களத்தில் வேலை செய்பவருக்கு நெருக்கமானது எஃப்ஐஜிதான். அதன் பத்து ஆணையங்களில் எல்லாம் அடங்கிவிடும்: கடலளவை, நிலப்பதிவு, கட்டுமான அளவை, சொத்து மதிப்பீடு வரை. யாருக்கு எந்த நிலத்தில் என்ன உரிமை என்பதைத் தரவாக எப்படிப் பதிவது என்று வரையறுக்கும் ஐஎஸ்ஓ 19152, 2012இல் தரநிலையானது. அதற்கு விதை போட்டது எஃப்ஐஜிதான். பட்டா, பதிவேடு மாதிரி விஷயங்களைக் கணினிக்குக் கொண்டுபோகிற வேலையில் இருப்பவர் அதன் வெளியீடுகளைப் படிக்காமல் இருப்பது நஷ்டம், அதுவும் அவை இலவசமாகவே கிடைக்கும்போது. டிரோன், லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் முறை), செயற்கைக்கோள் படம் என்று இருப்பவர்களுக்கு ஐஎஸ்பிஆர்எஸ். அதன் மாநாட்டுக் கட்டுரைத் தொகுதிகளையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஆராய்ச்சி வாடை தூக்கலாக இருக்கும், வேலைக்கு உடனே உதவுகிற குறிப்பு தேடிப்போனால் சமன்பாடுகளில் மாட்டிக்கொள்வீர்கள். ஐசிஏ அழகான அமைப்பு, குழந்தைகளுக்கு உலக வரைபடப் போட்டிகூட நடத்துகிறது. ஆனால் வரைபட வடிவமைப்பே தொழில் என்பவரைத் தவிர மற்றவருக்கு அவசரமில்லை.

அப்புறம் எழுத்து தருகிற அமைப்புகள். இங்கேதான் பணமும் குழப்பமும் அதிகம்.

சர்வேயர்களுக்கான பிரிட்டிஷ் தொழில்முறை அமைப்பான ஆர்ஐசிஎஸ் 1868இல் லண்டனில் தொடங்கியது, 1881இல் அரச சாசனம் பெற்றது. பெயரில் 'சர்வேயர்' இருப்பதால் தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன் மாதிரி அளவைக் கருவிகளைத் தூக்குகிற ஆட்கள்தான் அங்கே நிறைந்திருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சொத்து மதிப்பீடு, கட்டுமானச் செலவுக் கணக்கு, கட்டட ஆய்வு எல்லாமே அங்கே சர்வேதான். நில அளவை பல பாதைகளில் ஒரு பாதை. எம்ஆர்ஐசிஎஸ் என்ற உறுப்பினர் எழுத்துகளை வாங்க, செய்த வேலைகளைப் பதிவுசெய்து, கடைசியில் நேர்காணல் குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். சிரமம்தான், ஆனால் எனக்கு இந்த முறை பிடிக்கும்: உண்மையிலேயே வேலை செய்தவருக்கும் செய்ததாகச் சொல்பவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த மேஜையில் தெரிந்துவிடும். பன்னாட்டுக் கட்டுமான, ரியல் எஸ்டேட் நிறுவனங்களில் இதற்கு மதிப்பு உண்டு. ஜிஐஎஸ் மென்பொருள் வேலைக்குப் போகிறவருக்குச் செலவுக்கேற்ற பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜிஐஎஸ்காரர்களுக்கு 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜிஐஎஸ்பி சான்றிதழ் இருக்கிறது. முதலில் படிப்பு, அனுபவம், துறைக்குச் செய்த பங்களிப்பு ஆகியவற்றுக்குப் புள்ளிகள் போட்டு ஆவணங்களைப் பார்த்தே கொடுத்தார்கள். "காகிதம் சேர்த்தால் போதுமா?" என்று முணுமுணுப்பு இருந்தது, நியாயமான முணுமுணுப்புதான், 2015 முதல் தேர்வும் சேர்ந்தது. வட அமெரிக்க அரசு அலுவலக வேலைகளைக் குறிவைப்பவருக்கு இது நன்றாக உதவும், அந்த வட்டத்துக்கு வெளியே வேலை தருபவர் அதைக் கேட்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போட்டோகிராமெட்ரியோ லைடாரோ தொழில் என்றால் ஜிஐஎஸ்பியைவிட, போட்டோகிராமெட்ரிக்கும் தொலையுணர்வுக்குமான அமெரிக்கச் சங்கமான ஏஎஸ்பிஆர்எஸ் தரும் சான்றிதழ்தான் பொருத்தம். லைடார் தரவுக்காக நாம் தினமும் திறக்கிற லாஸ் கோப்பு வடிவத்தைப் பராமரிப்பதே அந்த அமைப்புதான்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எல்லை அளந்து சட்டப்படி கையெழுத்துப் போடும் அதிகாரம், பெரும்பாலான நாடுகளில் அரசோ சட்டப்படி அமைந்த வாரியமோ தருகிற உரிமத்தில்தான் வருகிறது. எம்ஆர்ஐசிஎஸ்ஸும் ஜிஐஎஸ்பியும் அதற்கு மாற்று ஆகாது.

கடைசியாக, திறந்த மூல ஜிஐஎஸ் மென்பொருள்களுக்கான, காசே கேட்காத ஓஎஸ்ஜியோ. 2006இல் தொடங்கியது, க்யூஜிஐஎஸ், ஜிடால், போஸ்ட்ஜிஐஎஸ் மாதிரி மென்பொருள்கள் எல்லாம் இதன் குடைக்கீழ்தான். எழுத்தும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஆனால் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினாலோ கையேட்டில் ஒரு பக்கம் எழுதினாலோ உங்கள் வேலை பெயரோடு பொதுவில் நிற்கும், மென்பொருள் பக்கம் ஆளெடுப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள். மாணவர் ஒருவர் கேட்டால், தயங்காமல் இங்கே தொடங்கு என்பேன்; கூடவே எஃப்ஐஜியின் இளம் அளவையர் வலையமைப்பு. பணம் கட்டும் சான்றிதழ்களுக்குச் சம்பளம் வந்த பிறகு போகலாம். அப்போதும் நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள்: ஆர்ஐசிஎஸ் உறுப்பினர் கட்டணம் வருடாவருடம் வரும், உறுப்பினராக இல்லாவிட்டால் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்ள முடியாது. ஜிஐஎஸ்பியையும் அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும்.