தெளிகனவு: எந்த வழி யாருக்கு?

"இது கனவு" என்று கனவுக்குள்ளேயே தெரிந்துவிடுவதுதான் தெளிகனவு. இதைப் பழக வழிகள் பல உண்டு. பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் ஒன்றே: ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து, மறுபடி தூங்குவது. முன்னிரவில் ஆழ்தூக்கம்தான் அதிகம். நீண்ட கனவுகள் வரும் ரெம் தூக்கம் விடியலை நோக்கித் திரள்கிறது. பத்தரைக்குப் படுத்தால் மூன்றரைக்கு அலாரம். ஒரு மணிக்கே வைத்தால் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

பகலில் அடிக்கடி 'இது கனவா?' என்று சோதிப்பதைத்தான் பலர் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். மூக்கைப் பொத்தி மூச்சிழுத்துப் பாருங்கள். கனவென்றால் மூச்சு தாராளமாகப் போகும். எளிது, செலவில்லை. ஆனால் இதை மட்டும் ஒரு வாரம் செய்தால் பெரிதாகப் பலனில்லை. சந்தேகமே இல்லாமல் பழக்கதோஷத்தில் மூக்கைப் பிடிப்பவர் கனவிலும் அப்படியே பிடித்துவிட்டு நடையைக் கட்டுவார்.

உண்மையான போட்டி மைல்டு (MILD), எஸ்எஸ்ஐஎல்டி (SSILD) என்ற இரண்டு முறைகளுக்கு இடையில்தான். ஸ்டான்போர்டில் கனவுகளை ஆராய்ந்த ஸ்டீபன் லபெர்ஜ் உருவாக்கியது மைல்டு. அலாரத்துக்கு எழுந்ததும் சற்று முன் கண்ட கனவை நினைவுகூருங்கள். அதில் நடக்கவே முடியாத ஒன்றைப் பிடியுங்கள்: இறந்த தாத்தா, எப்போதோ முடித்த பள்ளியின் பரீட்சை. "அடுத்து கனவு வரும்போது அது கனவென்று நினைவு வைப்பேன்" என்று சொல்லியபடி, அதே கனவுக்குள் திரும்பிப்போய் அந்த இடத்தில் 'இது கனவு' என்று உணர்ந்துகொள்வதாகக் கற்பனை செய்யுங்கள். வாய் சொல்ல, மனம் நாளைய வேலைக்கு ஓடினால் அது வெறும் முணுமுணுப்பு.

எஸ்எஸ்ஐஎல்டியில் கனவை நினைவுகூர வேண்டியதில்லை. மூடிய இமைக்குள் தெரியும் இருட்டு, காதில் விழும் ஒலி, உடம்பின் உணர்வு என்று கவனத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நான்கைந்து வேகச் சுற்று. பிறகு ஒவ்வொரு புலனுக்கும் 20, 30 விநாடியாக மூன்று நான்கு மெதுவான சுற்று. பிறகு வசதியாகப் படுத்துத் தூங்கிவிடலாம். எதையும் தேடி உற்றுப் பார்த்தால் தூக்கம் கலையும்.

அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் டென்ஹோம் ஆஸ்பி 2020இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டுக்கும் வெற்றி ஏறத்தாழ ஆறு முயற்சிக்கு ஒன்றுதான். அவருடைய 2017 ஆய்வு சொன்னது இன்னும் முக்கியம்: மைல்டு முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கியவர்களுக்கு வெற்றி சுமார் 46 சதவீதம். இரண்டும் ஏறத்தாழ சமம் என்பதால், கனவு நினைவிருப்பவருக்கு மைல்டு, மறப்பவருக்கு எஸ்எஸ்ஐஎல்டி. சீக்கிரம் தூங்கவேண்டும் என்பதால் இருவருக்குமே அந்நேரத்தில் கைபேசித் திரை ஆகாது.

வைல்டு (WILD) என்ற இன்னொரு முறை, விழிப்பு அறாமலேயே, அசையாமல் கிடந்து கனவுக்குள் நுழைவது. உடல் மரத்து நெஞ்சு அழுந்தலாம். ஊரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அதே தூக்க முடக்கம்தான். ஆபத்தில்லை, ஆனால் புதியவர் பயந்து எழுந்துவிடுவார். கடைசியாக முயலவேண்டியது.

கலன்டமைன் மாத்திரை? 2018 ஆய்வில் மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு 14, நான்கு மில்லிகிராமுக்கு 27, எட்டுக்கு 42 சதவீதத்தினர் தெளிகனவு கண்டார்கள். ஆனால் அது அல்சைமர் மருந்து. குமட்டல் வரும், ஆஸ்துமாவோ இதயத்துடிப்புக் குறைவோ உள்ளவர்களுக்கு வம்பு. மருத்துவர் சொல்லாமல் தொடவேண்டாம்.

எந்த வழியில் போனாலும் வாரத்துக்கு இரண்டு இரவு போதும். கனவென்று புரிந்த கணத்தில் துள்ளினால் விழிப்பு வந்துவிடும். கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்த்தபடி நில்லுங்கள்.